பகலில் ஓடிய இன்ஜின்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் கிளியனூரில் இறங்கி, கிழக்கே ஷேர் ஆட்டோ பிடித்து, அது விட்ட இடத்தில் படகு ஏறினால்தான் கொக்குமேடு வரும். நான்கு பக்கமும் உப்புத் தண்ணீர். நடுவில் ஆறு இறால் குட்டைகள், ஒரு தகரக் கொட்டகை, தீவன மூட்டை அடுக்கும் ஓர் அறை. கரண்டுக் கம்பம் கிடையாது. சேற்றில் கம்பம் நிற்காது என்று வந்து பார்த்தவர்கள் சொல்லிவிட்டுப் போய்ப் பல வருடம் ஆயிற்று. அந்த மேட்டுக்கு மூச்சு கொடுப்பது கொட்டகைக்குள் இருக்கும் டீசல் இன்ஜின். இன்ஜினைப் பார்த்துக்கொள்பவள் அம்சவள்ளி.

வயது முப்பத்தொன்பது. ஏழாவதோடு படிப்பு நின்றது. பேச்சு அதிகம் வராது. யாராவது முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டால் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு தரையைப் பார்ப்பாள். ஆனால் கண் சும்மா இருக்காது. படகில் யார் ஏறினார்கள், யார் எதை மடியில் கட்டிக்கொண்டு போனார்கள், எந்தக் குட்டையில் தண்ணீர் நிறம் மாறியிருக்கிறது, எல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்ததை யாரிடமும் சொல்லமாட்டாள்.

முதலில் அவள் தீவனம் வீசத்தான் வந்தாள். அப்போது இன்ஜின் ஆப்பரேட்டர் மயிலத்துக்காரர் பெரியதம்பி. கொட்டகைக்குள் பொம்பளை கால் வைக்கக்கூடாது என்பது அவர் சட்டம். அம்சவள்ளி ஜன்னலுக்கு வெளியே நின்று பார்ப்பாள். எந்த நட்டைத் திருகினால் காற்று வெளியேறுகிறது, எந்த மூடியைக் கழற்றி ஃபில்டரை மாற்றுகிறார், இன்ஜின் எப்போது இருமுகிறது, எப்போது மூச்சு வாங்குகிறது என்று ஐந்து வருடம் பார்த்தாள்.

ஐந்தாம் வருடம் பங்குனியில் ஒரு விடியற்காலை இன்ஜின் நின்றது. பெரியதம்பி படகுத்துறைப் பக்கம் தூங்கிப்போயிருந்தார். இறால் குட்டையில் தண்ணீரை அடித்துக் காற்றைக் கலக்கும் சக்கரங்கள் உண்டு. ஒரு குட்டைக்கு நான்கு. அவை இரவெல்லாம் சுற்றினால்தான் இறாலுக்கு மூச்சு. சக்கரம் நின்று ஒரு மணி நேரம் ஆனபோது இறால்கள் கரையோரம் வந்து ஒட்டின. ஆயிரக்கணக்கில். தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தன. அம்சவள்ளி கொட்டகைக்குள் ஓடி, தானே ஃபில்டரைக் கழற்றி, காற்றை எடுத்துவிட்டு, இன்ஜினைக் கிளப்பினாள். மூன்று குட்டைகள் பிழைத்தன. மற்ற மூன்றிலும் விடிந்தபோது வெள்ளையாக மிதந்தது. ஒரு வாரம் நாற்றம் போகவில்லை.

முதலாளி ஆனந்தராஜ் அன்றைக்கே பெரியதம்பியை அனுப்பிவிட்டு, "இனிமே நீயே பாத்துக்கோம்மா" என்றார். அன்று முதல் அம்சவள்ளிக்கு ஒரே ஒரு விதிதான் உண்டு. குட்டையில் இறால் இருக்கும்வரை இன்ஜின் நிற்கக்கூடாது.

போன தை மாதம் ஆனந்தராஜ் சோலார் போட்டார். திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருப்பவர் அவர். மூட்டைக்குள் கல் இருக்கிறதா, தராசில் கட்டைவிரல் இருக்கிறதா என்று பார்த்தே முடி நரைத்தவர். யாரையும் முழுதாக நம்பமாட்டார். ஆனால் டீசல் அவரை ஆட்டி வைத்தது. பேரல் பேரலாகப் படகில் ஏற்றிக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அதனால் விழுப்புரத்திலிருந்து தேவா என்ற இன்ஜினியரை அழைத்துவந்தார். குட்டைக் கரை நெடுக சோலார் தட்டுகள் நின்றன. கொட்டகையில் பீரோ மாதிரி ஒரு பெட்டியும், அதன் பக்கத்தில் பேட்டரி அலமாரியும் வந்தன.

தேவா நல்ல பையன். அம்சவள்ளிக்குப் புரியும்படிதான் சொன்னான்.

"அக்கா, பகல்ல வெயில் நல்லா இருந்தா இன்ஜின் தானா நின்னுடும். சக்கரம், மோட்டார் எல்லாம் சோலார்லயே ஓடும். மிச்சம் பேட்டரில ஏறிக்கும். பொழுது சாஞ்சு பேட்டரி எறங்குனா இன்ஜின் தானா கெளம்பும். இந்தக் கறுப்புத் திருகு 'ஆட்டோ'ல இருக்கட்டும். தொடாதீங்க. டீசல் பாதியாப் பூடும்."

"தானாவா?"

"தானாதான்."

அவளுக்கு மனம் ஒப்பவில்லை. தானாக நிற்பதும் தானாகக் கிளம்புவதும் மனிதர்களுக்கே ஒத்துவராத காரியம்.

தேவா போன மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு மேகம் வந்தது. பேட்டரி புதிது, அன்று இன்னும் சரியாக ஏறியிருக்கவில்லை. சக்கரங்கள் தளர்ந்து நின்றன. இன்ஜின் கிளம்ப ஒரு நிமிடம் ஆயிற்று. வெறும் ஒரு நிமிடம். அம்சவள்ளிக்கு அந்த ஒரு நிமிடத்தில் கரையோரம் எல்லாம் தலை தூக்கிய இறால்களாகத் தெரிந்தன. ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. இருந்தாலும் திரும்பி வந்து, யாரும் இல்லையா என்று பார்த்துவிட்டு, கறுப்புத் திருகை 'ஆட்டோ'விலிருந்து 'மேனுவல்' பக்கம் திருப்பினாள். இன்ஜினைக் கையால் கிளப்பி அப்படியே ஓடவிட்டாள்.

அதில் தப்பு இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. ஒரு மாடு இழுத்த வண்டியில் இன்னொரு மாட்டைப் பூட்டினால் முதல் மாட்டுக்குச் சுமை குறையத்தானே செய்யும்? சோலாரும் இழுக்கட்டும், இன்ஜினும் கூட ஓடட்டும். சும்மா ஓடுகிற இன்ஜின் எவ்வளவு குடித்துவிடப் போகிறது?

ஆனந்தராஜ் எப்போதும் மண்டியை மூடிவிட்டுச் சாயங்காலம்தான் வருவார். சாயங்காலம் இன்ஜின் ஓடுவது முறைதான். பகலில் ஓடுவது மேட்டில் இருப்பவர்களுக்குப் பழகிப்போன சத்தம். யாரும் கேட்கவில்லை.

மாசி போய்ப் பங்குனி வந்தது. டீசல் பாதியாகவில்லை. கால்வாசிகூடக் குறையவில்லை.

ஆனந்தராஜ் தேவாவுக்குப் போன் போட்டார். தேவா அதற்குள் லட்சத்தீவுப் பக்கம் இதே மாதிரி வேலைக்குக் கப்பலேறியிருந்தான். அங்கேயும் தீவு முழுக்க டீசலில் ஓடுகிறதாம், அதற்குச் சோலார் சேர்க்கிறார்களாம். ஒரு தடவை லைன் கிடைத்தபோது, "பெட்டில பச்சை லைட் எரியுதா சார்? அப்ப சிஸ்டம் ஓகே" என்று சொல்லி லைன் அறுந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

"வெயிலா திருடும்?" என்றார் ஆனந்தராஜ், கொட்டகை வாசலில் நின்றுகொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி. "மனுஷன்தான் திருடுவான்."

அதற்குப் பிறகு மேட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்ப்பது நின்றுபோனது. பேரல் மூடிகளுக்குப் பூட்டு வந்தது. கொட்டகை மூலையில் ஒரு கேமரா வந்தது. அது ஓடுகிறதா என்று யாருக்கும் தெரியாது, ஆனாலும் அதன் கீழே போகும்போது எல்லோரும் கையை வீசி நடந்தார்கள். தீவனம் வீசும் சின்னபொண்ணு, டிபன் பாக்ஸைத் திறந்து காட்டிவிட்டுத்தான் படகு ஏறினாள்.

"பாத்துக்கோங்கடி, கேப்பைக் களிதான். டீசல் ஊத்திக் கிண்டலை" என்று சொல்லிச் சிரித்தாள். யாரும் சிரிக்கவில்லை.

அம்சவள்ளியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். டீசல் எங்கேயோ போகிறது, அது தன் கொட்டகையிலிருந்து போகிறது என்பது அவளைத் தின்றது. யார்? சின்னபொண்ணுவா? அவளால் ஒரு குடம் தண்ணீரையே தூக்க முடியாது. முதலாளியின் ஆட்களா? அவர்கள் வருவதே இல்லை. மிச்சம் இருப்பது ராயப்பன்.

ராயப்பன் படகுக்காரர். கிளியனூர் மாதா கோயில் தெருவில் வீடு. பேரல்களைக் கரையிலிருந்து ஏற்றி வருவதும் காலி பேரலைத் திருப்பிக் கொண்டுபோவதும் அவர்தான். ஐம்பதைத் தாண்டியவர். பதினாலு வருடமாக அம்சவள்ளியைத் தினமும் ஏற்றி இறக்குகிறார். படகில் அவள் பேசாமல் உட்கார்ந்திருப்பாள், அவரும் பேசமாட்டார். இறங்கும்போது "பாத்து எறங்கு தங்கச்சி" என்பார். அவ்வளவுதான்.

அவர் பத்து நாளைக்கு ஒருமுறை நீலக் கேன் ஒன்றைப் படகின் அடியில் சாக்கைப் போட்டு மூடி எடுத்துப்போவதை அவள் பார்த்திருந்தாள். கொட்டகைக்குப் பின்பக்கம் போவார், கேனோடு வருவார், சாக்கைப் போட்டு மூடுவார். திறந்த இடத்தில் வைத்தால் என்ன? ஏன் மூட வேண்டும்?

இரண்டு வாரம் அவரையே கவனித்தாள். ஒருமுறை அவர் திடீரென்று திரும்பியபோது அவள் கண்ணை வேறு பக்கம் ஓட்டினாள்.

"இன்னா தங்கச்சி, என் முதுவுல எதுனா எழுதிருக்கா?"

அவள் தலையை ஆட்டி இல்லை என்றாள்.

சித்திரை பிறந்த வாரம் ஆனந்தராஜ் ஒவ்வொருவரையாகத் தீவன அறைக்குக் கூப்பிட்டு விசாரித்தார். அம்சவள்ளி போனபோது அவர் தீவன மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். குரல் இதமாகத்தான் இருந்தது.

"நீ திருடமாட்ட. அது எனக்குத் தெரியும். ஆனா உன் கண்ணுக்குத் தெரியாம இங்க எதுவும் நடக்காது. அதுவும் எனக்குத் தெரியும். சொல்லு. ராயப்பன் போவும்போது எதுனா எடுத்துக்கினு போறானா?"

அவள் தலைப்பைத் திருகினாள். அந்த நேரத்தில் அவள் யோசித்தது ராயப்பனைப் பற்றி இல்லை. இந்த அறையிலிருந்து எப்போது வெளியே போவோம் என்றுதான்.

"கேன் ஒண்ணு" என்றாள். "நீலக் கலரு. சாக்கு போட்டு மூடிக்கினு போவாரு."

"எத்தனை நாளா?"

"பாத்துருக்கேன். பல தடவை."

அவ்வளவுதான் அவள் சொன்னது. அதற்குள் வேலை முடிந்துவிட்டது. அன்று சாயங்காலமே ஆனந்தராஜ் படகுத்துறையில் வைத்து ராயப்பனை நிறுத்தினார். அன்றைக்குக் கேன் இல்லை. "வேஸ்ட் ஆயிலு சார், இன்ஜின்லேர்ந்து எறக்குன கருப்பு ஆயிலு. படகு அடிப்பலகைய பூச்சி அரிக்காம தடவறதுக்கு. பெரியதம்பி அண்ணன் இருக்கச்சவே சொல்லிக் கேட்டுட்டுத்தான் எடுக்குறேன்" என்றார் ராயப்பன்.

"பெரியதம்பியவே தொரத்துனவன் நானு. அவன் பேரை என்கிட்ட சொல்லாத."

"அப்ப ஏன் சாக்கு போட்டு மூடுற?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

"வெயில்ல ஆயிலு எளகிப் பலகையெல்லாம் ஒழுவி வழுக்குதுன்னு மூடுறேன். உங்க காலு வழுக்கக்கூடாதுன்னு மூடுறேன்டா!"

ஆனந்தராஜ் கேட்கத் தயாராக இல்லை. திங்கட்கிழமை வரை அவகாசம் என்றார். எடுத்ததை ஒத்துக்கொண்டால் வேலை மட்டும்தான் போகும். இல்லையென்றால் ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பேன் என்றார். ராயப்பன் துடுப்பைக் கீழே வைத்தார். நடந்தே சேற்றுக்குள் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் கரைக்குப் போனார். மறுநாள் கிளியனூர் பஸ் ஸ்டாப் வரைக்கும் 'டீசல் திருடன்' என்ற பேர் போய்விட்டது என்று சின்னபொண்ணு வந்து சொன்னாள்.

அம்சவள்ளிக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கழிவு ஆயில் என்று அவர் சொன்னது உறுத்தியது. கொட்டகைக்குப் பின்னால் கழிவு ஆயில் டிரம்மை எட்டிப் பார்த்தாள். அவள் இதுவரை வடித்து ஊற்றியதற்கு அது எப்போதோ நிரம்பி வழிந்திருக்க வேண்டும். பாதிதான் இருந்தது. அதனால் என்ன, ஆயிலும் எடுத்திருப்பார், டீசலும் எடுத்திருப்பார் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தாள்.

சனிக்கிழமை இன்ஜினுக்கு ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டிய நாள். வழக்கமாக, அவசரத்துக்கென்று பிறகு வாங்கிப்போட்ட சின்ன இன்ஜினை ஓடவிட்டு, அதன் பிறகுதான் பெரியதை நிறுத்துவாள். அன்று சின்ன இன்ஜின் கிளம்பவில்லை. அதன் பேட்டரி செத்திருந்தது. நான்கு தடவை சாவியைத் திருப்பிப் பார்த்தாள். டிக் என்றது, அத்தோடு சரி. பெரிய இன்ஜினில் ஆயில் கருத்து, மணி மேல் மணி ஓடிவிட்டது. இனியும் ஓட்டினால் அதுவே போய்விடும். காலை மணி பதினொன்று. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை.

"சின்னபொண்ணு, கரைக்குப் போய் நில்லு. இறால் மேல வந்தா கத்து" என்றாள். அவள் அவ்வளவு சத்தமாகப் பேசிச் சின்னபொண்ணு கேட்டதில்லை.

இன்ஜினை நிறுத்தினாள்.

சக்கரங்கள் ஒரு மூச்சு நேரம் தளர்ந்தன. பெட்டிக்குள் ஏதோ 'டக்' என்றது. மறுபடியும் சுற்றின.

அம்சவள்ளி ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி நின்றாள். பெட்டியின் முகத்தில் ஒரு சின்னத் திரை உண்டு. சோலார் எவ்வளவு கொடுக்கிறது என்று அதில் எண் ஓடும். இத்தனை நாளாகப் பகலில் அது ஏழு, எட்டு என்றே நிற்கும். தட்டுகள் மட்டமான சரக்கு என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இப்போது அந்த எண் ஏறிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு. பத்தொன்பது. இருபத்தாறு. கீழே பேட்டரி படம் நிரம்பத் தொடங்கியது.

"அக்கா! இன்னா ஆச்சு? சக்கரம் ஓடிக்கினுதான் கீது!" என்று சின்னபொண்ணு கரையிலிருந்து கத்தினாள்.

ஆயிலை மாற்றினாள். ஃபில்டரை மாற்றினாள். எல்லாம் நாற்பது நிமிட வேலை. முடித்த பிறகும் இன்ஜினைக் கிளப்பவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் சோலார் ஒதுங்கிப்போகிறது. இரண்டு மாட்டு வண்டி இல்லை இது. ஒரு வழியில் இரண்டு வண்டி. இன்ஜின் வழியை அடைத்துக்கொண்டு நின்றால் பின்னால் வருவது நின்றுதான் ஆக வேண்டும். இரவில் இருபத்துநான்கு சக்கரம், பகலில் நான்கே சக்கரம். அந்த நான்கு சக்கரத்துக்காக இன்ஜின் காலையிலிருந்து சாயங்காலம் வரை பாதிக்கும் மேல் சும்மா சுற்றி டீசல் குடித்திருக்கிறது. பேட்டரி நிரம்பவே இல்லை, அதனால் பொழுது சாய்ந்த பிறகும் அது கை கொடுக்கவில்லை. இத்தனை நாளாகக் கரும்புகை வந்ததும், புகைக்குழாய் மூட்டில் பசை மாதிரி ஆயில் ஒழுகியதும் இதனால்தான். அதையும் அவள் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

டீசலை யாரும் எடுக்கவில்லை. அவள் கைதான் திருகைத் திருப்பியது.

நாலு மணிக்கு மேல் வெயில் இறங்கியபோதுதான் இன்ஜினைக் கிளப்பினாள். பேரலில் குச்சி விட்டுப் பார்த்தாள். பதினொரு மணிக்குப் பிறகு ஒரு சொட்டும் இறங்கியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் திருகை 'ஆட்டோ'வில் விட்டுவிட்டு, கரைக்கும் கொட்டகைக்கும் நடந்தாள். மத்தியானம் ஒரு மேகம் வந்து போனது. நிரம்பிய பேட்டரி தாங்கிக்கொண்டது. சக்கரம் நிற்கவில்லை. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. யாருக்கும் தெரியாது. திருகு இனிமேல் 'ஆட்டோ'விலேயே இருந்தால், டீசல் பாதியாகும். ராயப்பன் போன பிறகு டீசல் குறைந்துவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். அவள் வாயைத் திறக்கவே வேண்டாம். வாயைத் திறக்காமல் இருப்பது அவளுக்குக் கைவந்த காரியம்.

திங்கட்கிழமை ஆனந்தராஜ் காலையிலேயே வந்தார். ராயப்பனும் வந்து படகுத்துறையில் தனியாக நின்றார். சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார். ஸ்டேஷனுக்குப் போக நேர்ந்தால் கசங்கலாகப் போகக்கூடாது என்று மாட்டியது போலிருந்தது. அந்தச் சட்டையைப் பார்த்த பிறகு அம்சவள்ளியால் கொட்டகைக்குள் திரும்ப முடியவில்லை.

"மொதலாளி, உள்ள வாங்க."

"இரும்மா, இவனை முடிச்சிட்டு வர்றேன்."

"இப்பவே வாங்க."

அவள் குரலில் என்ன இருந்ததோ, அவர் வந்தார். இன்ஜின் நின்றிருந்தது. அவருக்கு முகம் வெளுத்தது.

"அடிப்பாவி! இன்ஜினு ஏன் நிக்குது? ஜல்தி போடு, இறாலு செத்துடும்!"

"சாவாது. வெளிய பாருங்க."

சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அவர் சக்கரத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"பகல்ல இன்ஜினு நிக்கணும். தேவா தம்பி சொல்லிட்டுத்தான் போச்சு. நான்தான் பயந்துக்கினு இந்தத் திருகத் திருப்பி வெச்சேன். மூணு மாசமா காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் சும்மாவே ஓடிருக்கு. டீசலு அதுல போச்சு. யாரும் எடுக்கல."

இவ்வளவு நீளமாக அவள் பேசியது அவளுக்கே தெரிந்து இதுதான் முதல் தடவை. ஆனந்தராஜ் கண்ணைச் சுருக்கினார்.

"அன்னிக்கு கேன் பாத்தேன்னு சொன்ன. இன்னிக்கு யாரும் எடுக்கலங்கற. நடுவுல இன்னா நடந்துச்சு? அவன் வந்து கால்ல விழுந்தானா? இல்ல, ரெண்டு பேரும் சேந்தே..."

"பத்து நாளு இருங்க. பேரலை நீங்களே பூட்டிச் சாவிய எடுத்துக்கினு போங்க. டீசலு போற கணக்க நீங்களே பாருங்க. அதுக்கப்பறமும் சந்தேகம்னா என் பேரையும் சேத்து எழுதிக் குடுங்க."

அவர் சாவியை எடுத்துக்கொண்டுதான் போனார். பத்து நாளில் நான்கு தடவை, நான்கும் வேறு வேறு நேரத்தில், சொல்லாமல் வந்தார். பாதி டீசல் மிச்சமாயிருந்தது. பதினோராம் நாள் சின்னபொண்ணுவிடம், "ராயப்பனை வரச் சொல்லு" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அம்சவள்ளியை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நம்பவும் இல்லை. திருகுக்கு மேல் கண்ணாடி மூடி போட்டு, அதற்கும் ஒரு பூட்டு மாட்டினார்.

ராயப்பன் வரவில்லை. மரக்காணம் பக்கம் ஒரு உப்பளத்தில் வேலை பார்ப்பதாகச் சொல்லியனுப்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்சவள்ளி கிளியனூரில் இறங்கி மாதா கோயில் தெருவுக்குப் போனாள். பதினாலு வருடத்தில் அந்தத் தெருவுக்குள் அவள் போனதில்லை. ராயப்பனின் மனைவி லூர்துமேரி வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். ராயப்பன் உள்ளே இருந்தார், எழுந்து வரவில்லை.

"நீதானா அம்சவள்ளி" என்றாள் லூர்துமேரி. உட்காரச் சொல்லவில்லை.

அம்சவள்ளி நின்றுகொண்டே சொன்னாள். திருகு, இன்ஜின், சோலார், கேன். கடைசியில், "அண்ணன் மேல தப்பு இல்ல அண்ணி. எல்லாம் என்னாலதான்" என்றாள்.

லூர்துமேரி கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"இதை என்கிட்ட ஏன் சொல்ற? பதினாலு வருசம் என் புருசனைப் பாத்தவ நீ. கேன்ல இன்னா கீதுன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா அவரே மூடியத் தொறந்து காட்டியிருப்பாரு. கேக்க வாய் இல்ல, போட்டுக் குடுக்க மட்டும் வாய் இருந்துச்சா?"

உள்ளேயிருந்து ராயப்பன், "விடு மேரி" என்றார்.

"நீ சும்மா இரு. இவ வூட்டுக்குள்ள வந்து சொல்லிட்டுப் பூட்டா ஆச்சா? திருடன்னு சொன்னது வூட்டுக்குள்ளயா சொன்னாங்க? பஸ் ஸ்டாப்ல சொன்னாங்க. டீக்கடைல சொன்னாங்க. பூசைக்குப் போனா பக்கத்துல உக்காரமாட்டேங்கறாங்க." மீன் செதில் ஒட்டிய கையால் தெருவைக் காட்டினாள். "அங்க போய்ச் சொல்லு."

அம்சவள்ளி தெருவைப் பார்த்தாள். பூசை முடிந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். டீக்கடை பெஞ்சில் ஏழெட்டுப் பேர். திரும்பி பஸ் ஏறிப் போய்விடலாம். யாரும் தடுக்கமாட்டார்கள்.

நடந்தாள். டீக்கடை முன்னால் போய் நின்றாள். யாரும் கவனிக்கவில்லை. கடைக்காரர்தான், "டீயா காபியா?" என்றார்.

"நான் கொக்குமேட்டு இன்ஜின் ஆப்பரேட்டரு" என்றாள். குரல் எழும்பவில்லை. மறுபடியும் சொன்னாள். பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பினார்கள். "படகுக்கார ராயப்பன் அண்ணன் டீசலு திருடல. நான் இன்ஜின வெட்டியா ஓடவிட்டதுல செலவானது. அவரு எடுத்ததா சொன்னது பொய்யி. அந்தப் பொய்ய நான்தான் ஆரம்பிச்சேன்."

ஒருவர் தம்ளரைக் கீழே வைத்தார். இன்னொருவர் சிரித்தார்.

"ஏம்மா, உன்னைச் சொல்லச் சொல்லி யாரு அனுப்புனது? மொதலாளியா?"

"ராயப்பனுக்கு இவ இன்னா வேணும்? ஞாயித்துக்கெழமை பஸ் ஏறி வந்து வக்காலத்து வாங்குறா!" என்று பெஞ்சின் கோடியிலிருந்து ஒருவர் சொல்ல, மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அம்சவள்ளிக்குக் கண் கூசியது. தலைப்பின் நுனி விரலில் சுற்றி இறுகியது. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. லூர்துமேரி வந்து அவள் பக்கத்தில் நின்றாள். கையில் இன்னும் மீன் வாடை.

"நான்தான் அனுப்புனேன்" என்றாள் லூர்துமேரி பெஞ்சைப் பார்த்து. "அவருக்கு இவ இன்னா வேணும்னு என்னைக் கேளு, நான் சொல்றேன்." யாரும் கேட்கவில்லை. அவள் அம்சவள்ளி பக்கம் திரும்பினாள். முகத்தில் இளக்கம் ஒன்றும் இல்லை.

"இங்க சொல்லிட்ட. பஸ் ஸ்டாப்ல பூக்கடை, சைக்கிள் கடை ரெண்டு கீது. அங்கதான் மொதல்ல பேச்சு கெளம்புச்சு. வா, நான் காட்றேன்."

அம்சவள்ளி அவள் பின்னால் நடந்தாள்.